சோதிக்கப்படாத பசளையும் சோதிக்கப்பட்ட நாடும்

சேதனப் பசளை நல்லதா, இரசாயனப் பசளை நல்லதா என்ற பட்டிமன்றம் இலங்கையில் இன்னமும் ஓய்ந்தபாடில்லை. அதில் எந்த அணியிலும் அமர எனக்கு விருப்பமில்லை. தலைப்பே பிழையானது என்பதுதான் என் வாதம். எந்தப் பசளை, எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அதை யார் சோதித்துப் பார்த்தார்கள் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அதற்கு விடைகாணும் வழி நமக்குத் தெரியாததல்ல. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தோற்றுவிக்கப்பட்ட நிறுவனம் அது. ஒரே தாய்ச்செடியிலிருந்து, ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட துண்டங்களை வெட்டி நட்டு, 'குளோன்' எனப்படும் கன்றுகளை உருவாக்குவது அங்கு நெடுங்கால வழக்கம். குளோன் கன்றுகள் யாவும் ஒரே மரபணு கொண்டவை. ஒரு வரிசைக்குப் புதிய சேதனப் பசளை, அடுத்த வரிசைக்கு வழமையான பசளை, மூன்றாவது வரிசைக்கு எதுவும் இல்லை. மண், நிழல், நீர் யாவும் சமம். அப்படியானால், கன்றுகளுக்கிடையே தோன்றும் வேறுபாட்டுக்குப் பசளையைத் தவிர வேறெதைக் காரணம் காட்ட முடியும்? சில நூறு கன்றுகளும், நாற்றுமேடையில் ஏறத்தாழ ஓராண்டுப் பொறுமையும் போதும். பசளை தவறானதென்றால் பட்டுப்போவது சில நூறு கன்றுகள் மட்டுமே.

2021இல் நடந்தது என்ன? சேதன விவசாயத்துக்குப் பத்து ஆண்டுகளில் மாறுவோம் என்று 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொன்னவர் கோட்டாபய ராஜபக்ஷ. அவரது அரசு, 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. முழுத் தீவும் சோதனைப் பாத்தியானது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசைகூட மிச்சம் வைக்கப்படவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் கைநழுவிக்கொண்டிருந்தது.

சேதனப் பசளையால் விளைச்சல் வராது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட்டில் 1843இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் தொடர்கிறது. அங்கு தொழுவெரு இட்ட பாத்தி, இரசாயனப் பசளை இட்ட பாத்திகளோடு நெடுங்காலம் போட்டியிட்டு நின்றது. ஆனால் அதற்கு இடப்படும் எரு, ஆண்டுதோறும் ஹெக்டயருக்கு 35 தொன்! யூரியாவில் நைதரசன் 46 வீதம். கூட்டெருவில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வீதமே. இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்க ஆலோசகர் குழுக்களில் ஒருவருக்கேனும் தோன்றவில்லையா?

சோதனை நடந்த ஓரிடத்திலும் ஒழுங்கு தலைகீழாகவே இருந்தது. சீன நிறுவனமொன்றிடம் சேதனப் பசளைக்குக் கட்டளை கொடுத்த பிறகே மாதிரிகளில் தீங்கான பக்டீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை அறிவித்தது. நிறுவனம் அதை மறுத்தது. கப்பல் சரக்கை இறக்கவில்லை. ஆனாலும் 2022 ஜனவரியில் 60 இலட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது. மண்ணுக்கு ஒரு பிடி எருவும் வந்து சேரவில்லை.

விலை கொடுத்தவர்கள் யார்? 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் வந்தது. உடனே பல தோட்டங்கள் பறிக்கவேண்டிய கொழுந்தின் கிலோவை உயர்த்தின. அடுத்த சில மாதங்களில் பசளையும் நின்றது. செடியில் கொழுந்து இல்லாவிட்டால் நிறுவையில் கிலோ எங்கிருந்து வரும்? கிலோ குறைந்தவளுக்கு அரைப்பேர். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. பசளைத் தட்டுப்பாடும் அதன் விலையேற்றமும் இதற்கு முக்கிய காரணங்கள். வர்த்தமானியில் ஒப்பமிட்ட எவருக்கும் அரைப்பேர் விழுந்ததாக நான் அறியேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதிவரும் எனக்கு ஆட்சியாளர்களின் வாக்குறுதிகளில் பற்றுக் குறைவு. ஆகவே நான் கேட்பது வாக்குறுதியை அல்ல. சேதனமோ இரசாயனமோ, உழவர் தலையில் எந்தப் பசளையைக் கட்டுவதாயினும், முதலில் நாற்றுமேடையில் மூன்று வரிசை நடுங்கள். பெறுபேற்றைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுங்கள். கன்றுகள் பதில் சொல்லும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.