காரில் எழும் ரீங்காரமும் கண்டறிதலுக்குக் கிடைக்காத கூலியும்

தில்லியில் காரின் ஒலியமைப்பை மாற்ற விரும்புவோர் பெரும்பாலும் கரோல் பாக்கிற்கோ காஷ்மீரி கேட்டிற்கோ செல்கின்றனர். ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் ஆகியவற்றை வாங்கிய இடத்திலேயே, கடை வாசலில் வண்டியை நிறுத்திவைத்துப் பொருத்தித் தந்துவிடுகின்றனர். என்ஜின் ஓடாதவரை பாட்டு தெளிவாகக் கேட்கிறது. என்ஜினை இயக்கியதும் பாட்டுக்குப் பின்னால் மெல்லிய ரீங்காரம் எழுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறுகிறது. முறையிட்டு வரும் உரிமையாளருக்குப் பல நேரங்களில் கிடைக்கும் மருந்து ஒன்றுதான்: ஒலிக் கம்பியின் நடுவே மாட்டும் ஒரு சிறு ஐசொலேட்டர். ரீங்காரம் அடங்குகிறது, காரணம் அப்படியே தங்குகிறது.

இதற்குத் தொழிலாளியின் அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது. உண்மையில் சந்தை பொருளுக்கு விலை வைக்கிறது. பழுதைக் கண்டறியச் செலவாகும் நேரத்துக்கு விலை வைப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள அந்த ரீங்காரம் பிறக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

காரின் ஆல்டர்னேட்டர் மூன்று கட்ட மாறுமின்சாரத்தை உருவாக்கி, டையோடுகளின் வழியே நேர்மின்சாரமாக மாற்றுகிறது. அம்மாற்றம் முழுமையானதன்று, மேற்பரப்பில் சிற்றலைகள் எஞ்சுகின்றன. என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓட, ஆல்டர்னேட்டர் அதைவிட 2.5 மடங்கு வேகத்தில் சுழல்வதாகக் கொள்வோம். பன்னிரண்டு துருவங்கள் கொண்ட ஆல்டர்னேட்டரில் அச்சிற்றலை நொடிக்கு 1,200 முறை எழும். அது மனிதச் செவி எளிதில் பற்றிக்கொள்ளும் சுருதி.

எல்லாக் கார்களிலும் இச்சிற்றலை உண்டு. அது ஒலிபெருக்கியை எட்டுவதற்கு வழி திறந்துவிடுவது பெரும்பாலும் எர்த் இணைப்பு. ஸ்டீரியோ முன்பலகையில் ஓரிடத்திலும், ஆம்ப்ளிஃபயர் டிக்கியில் வேறோரிடத்திலும் காரின் உடலோடு இணைக்கப்படுகின்றன. பெயின்ட்டைச் சுரண்டாமல் முடுக்கிய போல்ட்டில் 0.01 ஓம் தடை இருந்தாலே போதும். 20 ஆம்பியர் பாயும்போது அங்கே 0.2 வோல்ட் வேறுபாடு தோன்றும். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் ஒலிக்குறிகையோ முழு அளவிலேயே 2 முதல் 4 வோல்ட்தான். எர்த்தில் தோன்றும் ஏற்ற இறக்கத்தின் சிறு பங்கு அக்கம்பியில் கலந்தாலும் ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டென்றே எண்ணிப் பெருக்கிவிடும்.

இதைக் கண்டறியும் முறை கடினமானதன்று. வரிசை தவறாமல் செய்யப்பட வேண்டியது. முதலில் இரைச்சலின் குணத்தைக் கேட்க வேண்டும். என்ஜின் வேகத்தோடு ஏறும் ரீங்காரம் ஆல்டர்னேட்டரைச் சுட்டும். பெட்ரோல் வண்டியில் வேகத்தோடு கூடும் டிக்டிக் ஓசை ஸ்பார்க் பிளக் பக்கத்தைச் சுட்டும். என்ஜின் நின்றாலும் நீடிக்கும் சீறல், ஆம்ப்ளிஃபயரின் கெயின் அளவுக்கு மீறித் திருகப்பட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். சார்ஜரில் செருகிய கைபேசியிலிருந்து ஆக்ஸ் கம்பி வழியே பாடும்போது மட்டும் இரைச்சல் வந்தால், சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

அடுத்து, ஆம்ப்ளிஃபயரின் பக்கம் ஆர்.சி.ஏ. கம்பிகளைக் கழற்ற வேண்டும். இரைச்சல் நின்றால் பிழை அதற்கு முன்னால் உள்ளது; நீடித்தால் ஆம்ப்ளிஃபயரிலோ அதன் மின்வழியிலோ உள்ளது. பின்னர் மல்டிமீட்டரால், பாட்டு உரக்க ஓடும்போது, பேட்டரியின் எதிர்முனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் இடையிலான வோல்ட் வேறுபாட்டை அளக்க வேண்டும். வேறுபாடு மிகுந்திருந்தால் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, குட்டையான தடித்த கம்பியால் வெற்று உலோகத்தில் இறுக்க வேண்டும். மின்கம்பியை ஒரு பக்கமும் ஒலிக்கம்பியை மறுபக்கமுமாகக் கொண்டுசெல்வதும் தேவை.

இத்தனைக்கும் தேவையானவை ஒரு மல்டிமீட்டர், ஓர் உப்புத்தாள், ஒரு மணி நேரம். தில்லியின் மிஸ்திரிகளில் அனுபவம் மிக்கவர்களுக்கு இது தெரியாததன்று. ஆனால் ஐசொலேட்டரை விற்றால் கடைக்கு லாபம். ஒரு மணி நேரம் தேடி ஒரு போல்ட்டை இறுக்கினால் ரசீதில் எழுத எதுவுமில்லை. "ஒரு போல்ட்டை இறுக்கவா இவ்வளவு பணம்?" என்று வாடிக்கையாளரும் கேட்பார். ஆகவே தெரிந்த தொழிலாளியும் தெரியாதவரைப் போலவே வேலை செய்யக் கற்றுக்கொள்கிறார்.

ஐசொலேட்டரே கூடாது என்பதன்று. இரு கருவிகளின் எர்த்தையும் சீர்செய்த பிறகும் எஞ்சும் இரைச்சலுக்கு அது முறையான தீர்வே. முதல் மருந்தாக அதைத் தரும்போதுதான் கேடு. மலிவான ஐசொலேட்டரின் உள்ளே இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த ஒலிகளை முழுமையாகக் கடத்தாது. சப்வூஃபருக்குப் பணம் கொடுத்தவர் அதன் பயனில் ஒரு பகுதியை இழக்கிறார்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. தளர்ந்த எர்த் இணைப்பில் தடை 0.1 ஓமாக உயர்ந்தால், 30 ஆம்பியர் பாயும் தருணத்தில் அந்த ஒரு புள்ளியில் 90 வாட் வெப்பம் உருவாகும். சாதாரண சாலிடரிங் அயர்னின் வெப்பத்தைவிட அது அதிகம். அதன் அருகில் இருப்பவை டிக்கியின் விரிப்பும் பிளாஸ்டிக் உறைகளும். கோடையில் 45 டிகிரியைத் தொட்டு, மழைக்காலத்தில் ஈரம் ஏறும் நகரத்தில் அத்தகைய இணைப்பு நாளுக்கு நாள் மோசமாகவே செய்யும். ரீங்காரம் அதற்கான முன்னெச்சரிக்கை. அதை மட்டும் அடக்குவது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு நோயை மறப்பதற்கு ஒப்பானது.

2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. அது கவனம் செலுத்திய நான்கு துறைகளில் வாகனங்களும் ஒன்று. உதிரிபாகமும் கையேடும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது அவ்வுரிமையின் மையம். அது தேவையானதே. எனினும், பாகமும் கையேடும் கிடைத்த பின்னும், பழுதைத் தேடும் ஒரு மணி நேரத்துக்குக் கூலி இல்லையென்றால் உரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.

மாற்றம் ரசீதிலிருந்து தொடங்கலாம். "பரிசோதனைக் கூலி" என்று தனி வரியைக் கடைகள் எழுதட்டும். எர்த் முனையில் அளந்த வோல்ட் மதிப்பையும், பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் பொருத்தப்பட்டதையும் அதிலேயே குறிக்கட்டும். வாடிக்கையாளர் வண்டியை எடுக்கும் முன் என்ஜினை இயக்கி, ஒலியை முழுவதுமாகக் குறைத்து, ஒரு நிமிடம் செவிகொடுத்துக் கேட்கட்டும். ரீங்காரம் கேட்டால் "இதை நிறுத்துங்கள்" என்பதற்குப் பதிலாக "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை தேடும் மிஸ்திரிக்கு, பேரம் பேசாமல் அந்த ஒரு மணி நேரக் கூலியைக் கொடுக்கட்டும்.