மூன்றாவது சட்டத்துக்கும் உயிர் வேண்டும்!

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டில் 5,000-க்கும் குறைவாக இருந்த உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கை, 2024-இல் 18,900-ஐக் கடந்திருக்கிறது. மொத்த எண்ணிக்கையில் அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்த இடத்தில் இந்தியா இருப்பதாக மத்திய அரசு பெருமையுடன் குறிப்பிடுகிறது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால், அந்த அறுவை அரங்கில் பயன்படும் மருந்துகளிலும் கருவிகளிலும் எத்தனை இந்திய ஆய்வகங்களில் பிறந்தவை என்ற கேள்வியை எழுப்பினால், அந்தப் பெருமிதம் சற்றே குறைந்துவிடுகிறது.

உறுப்பு மாற்று சிகிச்சை என்பது அறுவை மருத்துவர்களின் கைத்திறனால் மட்டும் வளர்ந்ததல்ல. 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செய்யப்பட்ட சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர்கள் என்பதே. மற்றவர்களின் உடல், அயலாரின் உறுப்பை எதிரியாகக் கருதி அழித்துவிடும். அந்தத் தடையைத் தகர்த்தது வேதியியல். ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் ஆகியோரின் ரத்தப் புற்றுநோய் மருந்து ஆய்விலிருந்து வந்ததுதான் அசாதயோபிரின். 1988-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த சைக்ளோஸ்போரின், 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜப்பானின் சுகுபா நகர மண்ணில் 1984-இல் கண்டறியப்பட்ட நுண்ணுயிர் டாக்ரோலிமஸைத் தந்தது. ஒரு பிடி மண்ணை ஆராய்ந்த விஞ்ஞானிக்கு, அதிலிருந்து உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் உயிர் பிழைப்பார்கள் என்பது அன்று தெரிந்திருக்க நியாயமில்லை. அடிப்படை ஆராய்ச்சியின் இயல்பே அதுதான்.

இந்த அறிவியலின் பயன் இந்தியர்களை எட்டியதில் நாடாளுமன்றத்துக்குப் பெரும் பங்குண்டு. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துகளைப் பொருத்தவரை தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தது. வெளிநாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்தை வேறு முறையில் தயாரித்துக் குறைந்த விலையில் விற்க இந்திய நிறுவனங்களுக்கு அது வழிவகுத்தது. மாற்று உறுப்பு பொருத்தப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொண்டாக வேண்டும். அறுவைச் சிகிச்சையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. நடுத்தரக் குடும்பம் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது என்றால், அதற்கு அந்தச் சட்டம் வளர்த்தெடுத்த மருந்துத் தொழிலே காரணம்.

அடுத்தது 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம். மக்கள் நல்வாழ்வு மாநிலப் பட்டியலில் இருப்பதால், கோவா, ஹிமாசலப் பிரதேசம், மகாராஷ்டிர சட்டப்பேரவைகளின் தீர்மானத்தைப் பெற்று நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. மூளைச்சாவுக்குச் சட்ட ஏற்பும், உறுப்பு வணிகத்துக்குத் தடையும் வந்தன. ஜூலை 8-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் மருத்துவர் வேணுகோபால் தலைமையிலான குழு நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவைச் சிகிச்சையைச் செய்து முடித்தது. மருத்துவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள், சட்டத்துக்காகத்தான் காத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இருந்தும், இறந்தோரிடமிருந்து பெறப்படும் உறுப்புக் கொடை இன்னமும் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. ஸ்பெயினில் அது 40-க்கும் மேல் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இப்போது அறுவை அரங்கில் ரோபோ நுழைந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற "டாவின்சி" இயந்திரம் பல ஆண்டுகள் இந்தத் துறையில் கோலோச்சியது. அதன் விலை பல கோடி ரூபாய் என்பதால், அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலானவை அதைக் கனவில்தான் காண முடிந்தது. ஹரியாணா மாநிலம் குருகிராமில் உருவாக்கப்பட்ட "எஸ்எஸ்ஐ மந்த்ரா" என்ற அறுவைச் சிகிச்சை ரோபோ 2022-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியப் பொறியாளர்களுக்குத் திறமைக் குறைவில்லை என்பதை அது காட்டியது. ஆனால், தனி மரம் தோப்பாகாது.

தோப்பை வளர்ப்பதற்காகத்தான் 2023-இல் மூன்றாவது சட்டம் வந்தது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதா ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையிலும், 9-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. இடையே 8-ஆம் தேதி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீதான விவாதம் தொடங்கிவிட்டது. மணிப்பூர் பிரச்னையில் நாடே கவனம் செலுத்திய அந்த நாள்களில், நாட்டின் அறிவியல் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் மசோதா யாருடைய கவனத்தையும் ஈர்க்காமல் போனதில் வியப்பில்லை.

ஐந்து ஆண்டுகளில் ரூ.50,000 கோடி என்று அறிவிக்கப்பட்டது. அதில் அரசின் பங்கு ரூ.14,000 கோடி மட்டுமே. மீதி ரூ.36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற அரசு சாரா வழிகளில் வரும் என்பது எதிர்பார்ப்பு. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதில் இந்தியத் தனியார் துறையின் தயக்கம் ஊரறிந்தது. 2020-21-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுக்கான நாட்டின் மொத்தச் செலவு உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 0.64 சதவீதம். அதை 2 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2003-ஆம் ஆண்டின் அறிவியல் கொள்கையே உறுதியளித்தது. ஆட்சிகள் மாறின, சதவீதம் மாறவில்லை. தென்கொரியா 5 சதவீதத்தை நெருங்கி நிற்கிறது.

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ரூ.1 லட்சம் கோடி ஆராய்ச்சித் திட்டம் வரவேற்கத்தக்கதே. ஆனால் அதன் அடித்தளம், தனியார் துறைக்கு வட்டியில்லாமலோ குறைந்த வட்டிக்கோ வழங்கப்படும் நீண்டகால நிதியுதவி. சந்தையை நெருங்கிவிட்ட ரோபோவுக்கு அது கைகொடுக்கும். மண்ணில் பூஞ்சையைத் தேடும் வேதியியல் ஆய்வாளர் எதைக் காட்டிக் கடன் கேட்பார்? என்ன கிடைக்கும் என்று தெரியாத ஆய்வுக்கு உலகெங்கும் அரசுதான் பெரும் பொறுப்பேற்கிறது.

மருத்துவமனைகளில் படுக்கைகளே போதாத நாட்டில் அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது ஆடம்பரம் என்று சிலர் வாதிடக்கூடும். உண்மை நேர் எதிரானது. 2005-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வந்துவிட்டது. 1970-இன் கதவு பெருமளவு மூடப்பட்ட நிலையில், நாளை கண்டுபிடிக்கப்படும் மருந்தைப் பழைய மருந்துகளைப் போல உடனடியாக மலிவு விலையில் தயாரிப்பது எளிதல்ல. சொந்தமாகக் கண்டுபிடிக்காத நாடு, மற்றவர் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த விலையைச் சுமக்கப் போவது நோயாளிகளின் குடும்பங்கள்தான்.

நாடாளுமன்றம் செய்யக்கூடியவை உண்டு. அறிவியல் துறையின் மானியக் கோரிக்கைகள் விவாதமின்றி ஒட்டுமொத்தமாக நிறைவேற்றப்படும் பட்டியலில் சேராமல், அவையில் விவாதிக்கப்பட வேண்டும். அறக்கட்டளைக்குத் தனியாரிடமிருந்து உண்மையில் வந்து சேர்ந்த தொகை எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் உறுப்பினர்கள் கேட்டுப் பெற வேண்டும். அது குறைந்தால், குறைந்த தொகையை அரசே ஈடுகட்ட வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் கிடைப்பதை உறுதி செய்வதும் அவசியம்.

முதல் சட்டம் மருந்தைக் கொடுத்தது. இரண்டாவது சட்டம் உறுப்பைக் கொடுத்தது. மூன்றாவது சட்டம் கண்டுபிடிப்பைக் கொடுக்க வேண்டும். நிதியில்லாத சட்டம் உயிரில்லாத உடல் என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.