மான்கறி ஹலாலா?

மானுக்கு எடை குறைந்த துப்பாக்கி எது, எந்தத் தோட்டா பொருந்தும் என்று கம்பத்து இளைஞர் ஒருவர் வினவினார். வேட்டை மார்க்கத்தில் ஆகுமானதுதானே என்றும் வாதிட்டார். ஆகுமானதே. எனினும் மதீனாவுக்கு எல்லை வகுத்து, அதனுள் வேட்டையைத் தடுத்தவர்களும் நபி (ஸல்) அவர்களே.

மேகமலை, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்தில் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

சட்டம் கிடக்கட்டும், கறிக்கு வருவோம். அறுக்குமுன் குண்டடியிலேயே உயிர் பிரிந்த பிராணியை உண்ணலாகாது என்பதே ஹனஃபி அறிஞர் பலரின் தீர்ப்பு. இரவில் சுட்டுப் புதரில் தேடியெடுத்த மிளாவை உயிருடன் அறுத்தவர் யார்? பொட்டலம் வீட்டுக்கு வரும்போது, அடுப்பேற்றுமுன் தாய்மார்கள் இதைக் கேட்கட்டும்.