நெகிழ்வட்டில் உறங்கும் தமிழ்

பழைய கணினியைக் கண்டால் எடைக்குப் போட்டுக் காசாக்குவதே அறிவுடைமை என நம்மவருட் பலர் கருதுகின்றனர். எமக்கு அஃது உடன்பாடன்று. காரணத்தை எம் ஊர்க் கதை கொண்டே கூறுதும்.

கூனிமேடு, மரக்காணத்துக்குத் தெற்கே, புதுவை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள சிற்றூர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். அத்துணைப் பழமை வாய்ந்த நெய்தல் நிலத்தில் உப்பளத்தாரும் மீனவரும் வழங்கும் சொற்களுட் பல அகராதி ஏறாதவை என்பது எம் பாட்டனார் கொள்கை. அவர் அவ்வூர்ப் பள்ளியாசிரியர். மாலைதோறும் உப்புப் பாத்தி வரப்பில் அமர்ந்து, சேற்றை மிதித்துத் தரையை இறுக்குவதற்கு ஒரு சொல், உப்புப் பூக்கும் முதற் பொழுதுக்கு ஒரு சொல், மழை கண்ட உப்புக்கு ஒரு சொல் எனக் கேட்டுக் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதினார். 1996-இல் கணினியொன்றை வாங்கி, டாஸ் முறையில் இயங்கும் தமிழ்ச் சொற்செயலியில் அவற்றைத் தட்டெழுதிப் பதினொரு நெகிழ்வட்டுக்களில் வைத்துச் சென்றார். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது வீட்டினுட் புகுந்த வெள்ளம் குறிப்பேடுகளைக் கூழாக்கிற்று. பரண்மேல் இருந்தமையால் வட்டுக்கள் பிழைத்தன.

ஏட்டுச்சுவடியைப் படிக்கக் கண்ணும் கல்வியும் போதும். நெகிழ்வட்டைப் படிக்கவோ, அதனை ஏற்கும் கருவியும், கருவியை அறிந்த பொறியும், பொறியில் ஓடும் அக்காலச் சொற்செயலியும் ஒருங்கே வேண்டும். எம் மடிக்கணினியில் யாம் திறந்த கோப்புக்களில் தோன்றியது தமிழன்று. பிறை, கட்டம், தலைகீழ் வினாக்குறி ஆகியவற்றின் குப்பையே. சொற்செயலியை ஓட்டலாமெனின், 64-பிட் விண்டோஸ் பழைய 16-பிட் செயலிகளை அறவே ஏற்பதில்லை.

இக்குப்பை தோன்றிய காரணம் அறியத்தக்கது. 1980-களில் கனடாவிலிருந்து வந்த ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு முதலிய செயலிகள் தோன்றிய காலத்தில் ஓர் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. ஆங்கிலத்துக்குப் பாதி போக, எஞ்சிய பாதியில் நம் 247 எழுத்தும் அடங்குமோ? ஆகவே கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நின்றன. எதனை எவ்விடத்தில் வைப்பது என்பதில் ஒருவர் முறை மற்றவர்க்கு ஒவ்வாதாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் வகுக்கப்பெற்றன. 2010-இல் தமிழ்நாட்டரசு யூனிகோடை ஏற்றது. எம் பாட்டனார் வட்டுக்கள் இவற்றுக்கெல்லாம் முற்பட்டவை.

"மாற்றியொன்றால் யூனிகோடுக்குப் பெயர்த்துவிட்டு வட்டைத் தூக்கி எறிக" என்றார் நண்பர் ஒருவர். பெயர்த்தும் பார்த்தோம். கடலைக் குறிக்கும் 'பௌவம்' என்னுஞ் சொல் முதலிலேயே அகப்பட்டது. பழைய முறையில் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்குத் தனியிடமின்றி ளகரமே நின்றது. மாற்றி அதனை ளகரமென்றே கொண்டு 'பெளவம்' என்று எழுதிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடுவார்க்கோ, ஒன்றைத் தேடின் மற்றது அகப்படாது. தெரிந்த சொல்லாதலின் இதனைத் திருத்தினோம். அகராதியிலில்லாத உப்பளச் சொல்லில் இப்பிழை நேரின் எதனைக் கொண்டு திருத்துவது? 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டே பாடங்கண்டார். பெயர்த்தெழுதிய படியொன்றே போதும், மூல ஏடு அடுப்புக்கு ஆகுக என்று அவர் எண்ணியிருந்தால் என்னாவது!

மூலத்தை அதன் பழைய கோலத்திலேயே காணும் வழி எமுலேட்டர் என்னும் மென்பொருள். பழைய கணினியின் செயலியையும் நினைவகத்தையும் திரைப்பலகையையும் அது நடித்துக் காட்டும். எம் பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனன் கட்டியவனைத் துரியோதனனாகவே ஊரார் நடத்துவதுபோல, சொற்செயலியும் தான் 1996-ஆம் ஆண்டுக் கணினியில் இருப்பதாகவே நம்பி ஓடும்.

2002-இல் முதன்முதல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்பதனை யாம் தேர்ந்தோம். அதனினும் நுணுக்கமாக நடிப்பன உள. அவை வலிய கணினியை வேண்டுவன. எம்மிடம் இருந்ததோ, நெகிழ்வட்டுக் கருவி இன்னும் பொருத்தப்பட்டிருந்த ஒரு பெண்டியம் 4. நினைவகம் 512 எம்பி. முதலில் அஃது உயிர்க்கவேயில்லை. உப்புக்காற்று செய்த வேலை. நினைவகப் பலகையின் உலோக முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துப் பொருத்தினோம், திரை ஒளிர்ந்தது. பொத்தான் மின்கலத்தையும் மாற்றினோம். 2025-இல் வெளிவந்த டெபியன் 13 இத்தகைய 32-பிட் பொறிகளில் நிறுவற்பாலதன்று. ஆதலின் முந்தைய டெபியன் 12-ஐ, திரையழகுகளை ஒழித்து, நிறுவினோம். பின்னர் ஒவ்வொரு வட்டையும் 14,74,560 பைட்டு அளவுள்ள படிமக் கோப்பாக நகலெடுத்தோம். பதினொன்றில் நான்கு பூஞ்சணம் பிடித்தவை. அவற்றை யாம் தொடவில்லை. தேர்ந்தார் கையிற் கொடுப்பதே நன்று.

அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகளே எம்மை மூன்று நாள் அலைக்கழித்தன. ஒன்று 'சைக்கிள்ஸ்', அதாவது நடிக்கும் செயலியின் வேகம். மிகுதியாக வைத்தால் விரைவு மிகும் என்றெண்ணி 20,000 என்று இட்டோம். கிழப்பொறி அதனைத் தாங்காது திணறிற்று. எழுத்துக்கள் தட்டியபின் நெடுநேரங் கழித்தே தோன்றின. 6,000-க்குக் குறைத்தபின் ஒழுங்காயிற்று. மற்றொன்று 'மெஷின்'. சொற்செயலி தமிழெழுத்து வடிவங்களைத் திரைப்பலகையிலேயே ஏற்றுவது. இயல்பாயமைந்த பலகை வகையை நீக்கி 'விஜிஏஒன்லி' என்று குறித்த நாளிரவில், கருநீலத் திரையில் வெள்ளெழுத்தாய்த் தமிழ் நின்றது. பாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து, "இப்படித்தான் அவர் திரையில் இருக்கும்" என்றார்.

எமுலேட்டர் புதிய கணினியிலும் ஓடுமே, பழையது எதற்கு என வினவலாம். ஓடும், ஆயின் வட்டை உள்ளே இடும் வாய் புதியதில் இல்லை. தனியே வாங்கி இணைக்கும் கருவியும் கிடைக்கிறது, அரிதாகி வருகிறது. நம் தமிழ்த்துறை ஆய்வேடுகளுள், இம்மலரின் பழைய இதழ்களுள், எத்தனை இவ்வாறு பேழையில் உறங்குகின்றனவோ! கல்லூரி கழிக்கும் கணினிகளுள் ஒன்றே ஒன்றை, நெகிழ்வட்டு வாயுடன், டாஸ்பாக்ஸ் நிறுவி, அமைப்புக் கோப்பைத் தாளில் அச்சிட்டு அதன்மேலேயே ஒட்டி, தமிழ்த்துறையில் வைத்தல் வேண்டும் என்பதே எம் விண்ணப்பம். பழைய மாணவர்களிடம் வட்டுக்கள் இருப்பின் அவற்றை நூலகத்துக்கு அனுப்புவாராக, வெயிலில் உலர்த்தவேண்டா.

ஒரு குறை உண்டு. டாஸ்பாக்ஸ் அச்சுப்பொறியை நடிப்பதில்லை. எனவே திரையைப் பார்த்துக் கையாலேயே படியெடுத்து வருகின்றோம். ஐயமான இடங்களைப் பாட்டியிடமும், அவர்க்கும் தெரியாதவற்றை உப்பளத்து முதியோரிடமும் கேட்கின்றோம். இவ்விடுமுறையில் நகர வரிசை முடிந்தது.