ஆளு யானைன்னா வண்டியும் யானையா?

வேளாங்கண்ணி ஆர்ச் ஓரத்து டீக்கடை. ஆகஸ்டு 29 கொடியேற்றத்துக்கு இன்னும் இரண்டு நாள். காவி கட்டி நடந்து வருகிற கூட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாரை சாரையாகப் போகிறது. என் அக்கா மகன் முதல் பைக் வாங்கப் போகிறான். ஆறடி இரண்டங்குலம், 112 கிலோ. “மாமா, என்ன வண்டி எடுக்கலாம்?” என்று என்னிடம்தான் கேட்டான். பதில் பக்கத்து பெஞ்சிலிருந்து வந்தது.

“ஒன் ஒடம்புக்குப் புல்லட்தான் தம்பி. மத்ததெல்லாம் ஒன்னைத் தாங்காது. ஆளு யானை, வண்டி பூனையா?”

இருபது வருடமாக இந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஆறடி ஒன்று, 108 கிலோ. கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறார்கள், சலூனில் சொல்லியிருக்கிறார்கள், ஒரு துக்க வீட்டில்கூடப் பாடை கட்டும் இடைவெளியில் சொல்லியிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிற பேச்சில்லை இது. எதிரே தொந்தி தெரிந்ததும் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. பெரியவருக்கு மரியாதை கொடுத்து அன்று டீயை மட்டும் குடித்தேன். மிச்சம் இங்கே.

முதல் வாதம்: சின்ன வண்டி தாங்காது.

டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். தை, மாசியில் ஏதாவது ஒரு நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை, நடுவில் எங்கேயோ ஒரு மனிதர். மூட்டை ஒன்றுக்கு 40 கிலோ. வண்டியோ 90 கிலோகூடக் கிடையாது. அப்படி ஏற்றச் சொல்லவில்லை. தாங்குமா என்று கேட்டவர்களுக்குக் காட்டுகிறேன். ஸ்ப்ளெண்டருக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் சுமைக் கணக்கு 130 கிலோ. பையன் 112. பின்னால் ஆள் ஏறினால்? ஏறக் கூடாது. ஓட்டிப் பழகுகிறவன் முதுகுக்குப் பின்னால் யாருக்கும் இடமில்லை. பின் ஷாக்கில் ஐந்து படி வைத்திருக்கிறார்கள். ஏற்றி வைக்கச் சொன்னால் மெக்கானிக் டீ ஆறுவதற்குள் ஏற்றித் தருவார். டயரில் காற்றையும் கனத்துக்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் ‘தாங்காது’ என்பதன் முழு வரலாறு.

இரண்டாவது: பார்க்க சர்க்கஸ் கரடி சைக்கிள் ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

இருக்கும். பார்க்கிறவர்கள் வேறு பக்கம் பார்க்கலாம்.

மூன்றாவது: உயரமான ஆளுக்குப் பெரிய வண்டிதான் கால் கொள்ளும்.

அளவு நாடாவுக்குச் சாதி, மதம் கிடையாது, சிசியும் கிடையாது. 97 சிசி ஸ்ப்ளெண்டரின் சீட் தரையிலிருந்து 785 மில்லிமீட்டர். புல்லட் கம்பெனியின் 349 சிசி கிளாசிக்கின் சீட் 805. வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர், அதாவது ஒரு கட்டைவிரல் அகலம். அதே கம்பெனியின் மீட்டியார் 350 இன்னும் வேடிக்கை: 765. ஸ்ப்ளெண்டரைவிடத் தாழ்வு. உயரம்தான் வேண்டுமென்றால் 200 சிசி எக்ஸ்பல்ஸ் 4வி 825-ல் நிற்கிறது, கிளாசிக்கைவிட முப்பது கிலோவுக்கு மேல் இளைத்து. நெடியவன் பார்க்க வேண்டியது வேறு. சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவே முழங்கால் மடங்க இடம் இருக்கிறதா? ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்தால் முட்டியில் இடிக்கிறதா? ‘ஆளு யானை’ என்று சொன்ன எவரும் என் முட்டியைப் பற்றி இதுவரை விசாரித்ததில்லை.

நான்காவது: மிலிட்டரிக்காரன், போலீஸ்காரன் எல்லாம் புல்லட்தானே வைத்திருந்தான்?

வைத்திருந்தான். ராணுவம் கேட்டதால்தான் இந்த வண்டி இங்கே வேர் பிடித்தது. 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து, பிறகு திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அந்தக் காலத்து வண்டியைக் கிக்கர் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, மூச்சை இழுத்து, முழு உடம்பையும் இறக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கெண்டைக்கால் வீங்கும். ஒல்லியான ஆள் உதைத்தால் வண்டி சட்டை செய்யாது. ‘புல்லட்டுக்குக் கனமான ஆள் வேணும்’ என்ற பேச்சு அங்கே பிறந்திருந்தால் நியாயம். நாளடைவில் அதைத் தலைகீழாக்கி, ‘கனமான ஆளுக்குப் புல்லட் வேணும்’ என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்புகிறது. பொத்தானை அமுக்க 112 கிலோ தேவையில்லை.

ஐந்தாவதுதான் தலையாய வாதம்: வண்டியில் வெயிட் இருந்தால்தான் ரோட்டைப் பிடிக்கும், ஆட்டம் கொடுக்காது.

ஓடும்போது பிடிக்கும். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் பக்கம் அறுபதில் போகும்போது கடல் காற்றுக்கு அசையாமல் போகிற சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை கற்றுக்குட்டி அறுபதில் விழுவதில்லை. நின்றுகொண்டே விழுகிறான். மதகு ஏறும் இடத்தில், வண்டியைத் திருப்பும் இடத்தில், நடைப்பயணக் கூட்டத்துக்கு வழிவிட்டு மணலில் ஒதுங்கும் இடத்தில்.

எண்ணெய், பெட்ரோலோடு ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. பையனும் வண்டியும் சரிக்குச் சரி. கிளாசிக் 350 அதே கணக்கில் 195. வித்தியாசம் 83 கிலோ. நம்மூர் பாஷையில், கொள்முதல் நிலையத்து மூட்டை இரண்டு, மேலே மூன்று கிலோ பொரிவிளங்காய். கிளட்ச் எது, பிரேக் எது என்று இன்னும் தடவிக்கொண்டிருக்கிறவனிடம் இரண்டு மூட்டை நெல்லைக் கூடுதலாகக் கட்டிவிட்டு, ‘இப்பப் பழகிக்க, ஆடாது’ என்கிறீர்கள்.

எனக்கு இது ஏட்டுக் கணக்கில்லை. பழகின புதிதில் உறவினர் ஒருவரின் கனத்த வண்டியை வாங்கிக்கொண்டு போனேன். திருக்குவளைப் பக்கம் வாய்க்கால் கரை ரோடு. சம்பா அறுப்பு முடிந்து ரோட்டின் இடது பாதியில் நெல் காய்கிறது, ஓரத்தில் செங்கல் அடுக்கி. எதிரே அறுவடை மிஷின், மீதி ரோடு முழுக்க. நிறுத்தினேன். இடது காலை ஊன்றினேன். காய்ந்த நெல்மேல் காலூன்றிப் பார்த்திருக்கிறீர்களா? கோலிக்குண்டுமேல் நிற்கிற மாதிரி. கால் வழுக்கி ஒரு சாண் போனது. வண்டி சாய ஆரம்பித்தது. வேகம் பூஜ்யம். கொஞ்ச தூரம்வரை பிடித்தேன். அதன்பின் வண்டிதான் என்னைப் பிடித்து இழுத்தது. லெக் கார்டு இருந்ததால் கணுக்கால் மிஞ்சியது. வண்டிமேல் குற்றமில்லை, அது நின்ற இடத்தில்தான் விழுந்தது.

அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா ஓடி வந்தார். “ஏன் தம்பி, நெல்லு மேலயா விழணும்?” என்று கேட்டுவிட்டு, என் காலடியில் சிதறியதைத் துடைப்பத்தால் கூட்ட ஆரம்பித்தார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கினேன். வரவில்லை. மறுபடியும். வரவில்லை. கடைசியில் மிஷின் டிரைவரும் இன்னொருவரும் இறங்கி வந்து நிமிர்த்தினார்கள். இரண்டு பேரையும் சேர்த்தால் என் எடை தேறாது.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். என் 108 கிலோ, வண்டியைத் தூக்க உதவுகிற பலம் அல்ல. அதுவும் வண்டியோடு சேர்த்துத் தூக்கவேண்டிய சுமை. யானைக்குத் தும்பிக்கை இருக்கிறது. எங்களுக்கு வெறும் உடம்புதான்.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், சொல்பவர்களுக்கு உள்ளுக்குள் தெரியும். லைசென்ஸுக்கு எட்டுப் போடப் போகும் நாளில் பாருங்கள். புல்லட் வாங்கிய பையன்கூடப் பக்கத்து வீட்டு நூறு சிசி வண்டியை இரவல் கேட்டு வருவான். ‘அதுல ஈசியா எட்டு வரும்’ என்பார்கள். எட்டு அதில் ஈசியாக வருமென்றால், ஒன்பதும் பத்தும் மட்டும் எப்படி வேறொன்றில் வரும்?

பையனுக்கு நான் எந்த வண்டியின் பெயரையும் சொல்லவில்லை. “வண்டியை மணலில் படுக்க வை. ஒண்டியாய்த் தூக்கி நிறுத்து. நிறுத்த முடிஞ்சா வாங்கு” என்றேன். விலை போகாத வண்டியாக இருந்தாலும் அப்படிப் படுக்கவைக்க எந்தக் கடையிலும் விடமாட்டார்கள் என்றான். நியாயம்தான். தெரிந்தவர் யாராவது கொடுத்தால் உண்டு.

டீக்கடைப் பெரியவர் வீட்டுத் திண்ணையோரம் ஒரு புல்லட் நிற்கிறது, உறை போட்டு. ஞாயிற்றுக்கிழமை துடைப்பார். மற்ற நாளெல்லாம் மீன் வாங்கவும் ரேஷனுக்கும் எக்ஸ்எல்தான். பையனை அவரிடம் அனுப்பியிருக்கிறேன்.