பெயர் ஒன்று, வாட் வேறு
பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் கேமிங் மடிக்கணினியைப் பார்க்கப் போனால், கடைக்காரர் முதலில் காட்டுவது ‘ஆர்டிஎக்ஸ் 5090’ ஸ்டிக்கரைத்தான். உடனே கார்டை நீட்டிவிடாதீர்கள். மேசைக் கணினியில் அதே பெயர் கொண்ட கார்டுக்கு 32 ஜிபி நினைவகம், 575 வாட் மின்சாரம். மடிக்கணினியிலோ 24 ஜிபி; வாட் கணக்கும் தயாரிப்பாளர் விருப்பப்படி 95 முதல் 150 வரை மாறும். உடம்பு மெலிந்த மாடல்களுக்குப் பெரும்பாலும் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் “எத்தனை வாட்?” என்று கேளுங்கள்.

கடையில் அரைமணி நேரம் விளையாட விட்டால், விசிறிச் சத்தத்தையும் கவனியுங்கள். மைக்கோடு பிழைப்பு நடத்தும் எனக்கு அதுதான் முதல் சோதனை! சார்ஜரைக் கழற்றினால் வேகம் சட்டென்று இறங்கிவிடும். ஆகவே செங்கல் கனத்தில் இருக்கும் அதையும் சுமந்தாக வேண்டும். தினமும் எல்ஆர்டியில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, இரண்டு படி கீழே இருக்கும் 5070 டிஐ தாராளம்.