எழுவரை அனுப்பியோர் எங்கே?

போரில் மாண்டவர்களைப் பற்றிக் கேள்வி எழுப்புவது அவர்தம் நினைவுக்கே இழுக்கு என்று உரைப்போர் எந்நாட்டிலும் உளர். மாண்டவனைப் புகழுங்கள், மலர் தூவுங்கள், அவன் ஏன் மாண்டான் என்று மட்டும் கேளாதீர்கள் என்பது அவர்தம் அறிவுரை. இதனை நாம் ஏற்பதற்கில்லை. கேள்வியைத் தடுக்கும் புகழ்ச்சி மாண்டவனுக்கு எவ்விதத்திலும் உதவுவதில்லை; அவனை அனுப்பியவனுக்கே அது அரணாகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மீது இரவில் குண்டு வீசச் சென்று திரும்பாத பிரிட்டிஷ் விமானக் குழுக்களின் வரலாறு இதற்குப் போதிய சான்றாகும்.

லங்காஸ்டர், ஹாலிபாக்ஸ் என்பன அப்போரில் பிரிட்டன் பயன்படுத்திய பெருங் குண்டுவீச்சு விமானங்கள். ஒவ்வொன்றிலும் வழக்கமாக எழுவர் செல்வர்: விமானி, பொறியாளர், வழி கணிப்பவர், குண்டு வீசுபவர், கம்பியில்லாத் தந்தியாளர், துப்பாக்கி வீரர் இருவர். பெரும்பாலோர் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர். பிரிட்டனிலிருந்து மட்டுமன்றிக் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்தும் தாமாகவே முன்வந்து சேர்ந்தவர். விமானம் திரும்பாவிடில் ஏழு இல்லங்களுக்கும் தந்தி செல்லும், மகனைக் காணவில்லை என்று. இறந்தான் என்று அழவும் இயலாமல், இருக்கிறான் என்று தேறவும் இயலாமல் மாதக்கணக்கில் வாயிலை நோக்கிக் காத்திருந்த தாய்மார் பல்லாயிரவர்.

1944 மார்ச் 30 ஆம் நாள் இரவு 795 விமானங்கள் நியூரம்பர்க் நகரை நோக்கிப் புறப்பட்டன. அவற்றுள் 95 திரும்பவில்லை. விமானப் படையினர் 540 பேருக்கு மேல் அவ்வோர் இரவிலேயே மாண்டனர். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படை அப்போர் முழுவதிலும் இதனினும் பெரிய இழப்பை வேறெந்த இரவிலும் கண்டதில்லை.

இதனைப் போரின் விதி என்று சொல்லித் தப்ப முனைவோர்க்குச் சில உண்மைகளை நினைவூட்டுவோம். அன்று வானில் நிலவு இருந்தது. வானிலை அறியச் சென்ற விமானம், வழியில் மறைப்பாக மேகம் இராது, இலக்கின் மீதே மேகம் கவிந்திருக்கக்கூடும் என்று முன்னரே அறிவித்திருந்தது. ஆயினும் ஆணை மாற்றப்படவில்லை. வகுத்த பாதையோ ஏறத்தாழ 425 கிலோமீட்டர் தூரம் திருப்பமின்றி நேராகச் சென்றது. ஜெர்மானிய இரவு வேட்டை விமானங்கள் ஒன்றுகூடும் இடங்களை ஒட்டியும் சென்றது. எதிரி விமானங்கள் பலவற்றில் மேல்நோக்கிச் சுடும் பீரங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை இருளில் அடிப்புறமாக அணுகிச் சுட்டன. தம்மைத் தாக்கியது எதுவென்று அறியாமலே எழுவர் எழுவராக எரிந்து வீழ்ந்தனர். இத்தனை உயிர்களைக் கொடுத்து எய்தியது யாது? மேகம் மூடிய நியூரம்பர்க்கில் குண்டுகள் சிதறிப் போயின. விமானங்கள் பல வழி தவறி ஷ்வைன்பர்ட் பக்கம் குண்டு வீசித் திரும்பின.

எதன் பொருட்டு இவர்கள் அனுப்பப்பட்டனர்? பகை நாட்டுக் குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மனவுறுதியைக் குலைப்பதே இனிக் குறிக்கோள் என்று 1942 பிப்ரவரி 14 ஆம் நாள் குண்டுவீச்சுப் படைக்குக் கட்டளை பிறந்தது. சில நாள்களில் அப்படையின் தலைமையை ஆர்தர் ஹாரிஸ் ஏற்றார். அமெரிக்கரும் துணை வந்தால் பெர்லினை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழிக்கலாம், 400 முதல் 500 விமானங்கள் செலவாகும், ஜெர்மனி போரையே இழக்கும் என்று 1943 நவம்பரில் அவர் பிரதமர் சர்ச்சிலுக்கு எழுதினார். அமெரிக்கர் அத்திட்டத்தில் சேரவில்லை; எனினும் திட்டம் நடந்தது. 1944 மார்ச் முடிவதற்குள் பெர்லின் மீதும் பிற நகரங்கள் மீதும் நடந்த தாக்குதல்களில் 1,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் அழிந்தன. பெர்லினோ பணியவில்லை. விமானத்தைச் செலவென்று எழுதிய கணக்கில் அதனுள் இருந்த எழுவரும் அடக்கம் என்பதை நாம் மறக்கலாகாது.

இதனினும் கொடியது, உண்மையை மறைத்த செயலாகும். நகரங்களை அழிப்பதும் தொழிலாளரைக் கொல்வதுமே நம் நோக்கம் என்று மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள் என்று 1943 அக்டோபரில் ஹாரிஸ் தாமே விமானத்துறை அமைச்சகத்தை வற்புறுத்தினார். அமைச்சகம் இணங்கவில்லை. இராணுவ இலக்குகளே தாக்கப்படுகின்றன என்று நாடாளுமன்றத்தில் விடை கூறப்பட்டு வந்தது. 1944 பிப்ரவரி 9 ஆம் நாள் பிரபுக்கள் சபையில் எழுந்து, நகரங்களையே அழிக்கும் இம்முறை நியாயமா என்று வினவிய பேராயர் ஜார்ஜ் பெல் பெரும் வசைக்கு ஆளானார். அவர் கேட்டு ஏழு வாரங்களில் நியூரம்பர்க் இரவு வந்தது.

வார்சாவையும் ராட்டர்டாமையும் லண்டனையும் கவன்ட்ரியையும் எரித்தவர் நாஜிகள் அல்லரோ என்று கேட்பர். ஆம், அவர்களே. அவர்தம் கொடுமைக்கு நாம் ஒருபோதும் பரிந்து பேசோம். ஜெர்மனியின் பீரங்கிகளும் வேட்டை விமானங்களும் போர்முனைக்குச் செல்லாது நகரங்களைக் காக்க நேர்ந்ததற்கு இவ்விளைஞர்களின் தியாகமே காரணம் என்பதையும் ஒப்புவோம். ஆயினும் எதிரியின் கொடுமை ஓர் அரசுக்குத் தன் குடிகளிடம் பொய் சொல்லும் உரிமையைத் தந்துவிடுமோ? 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் நெருப்புப் புயலில் வெந்து மடிந்த பெண்டிர், பிள்ளைகள் உள்ளிட்ட 30,000-க்கும் மேற்பட்டோரை அது உயிர்ப்பித்துத் தருமோ?

அஞ்சி நின்ற விமான வீரனுக்கு அப்படை இரங்கவில்லை. இனிப் பறக்க இயலாது என்றவனது ஆவணத்தில் மனத்திண்மை அற்றவன் என்று முத்திரை பொறித்தது. மறுபுறம், அஞ்சாத வீரத்துக்குச் சிரில் பார்ட்டன் சான்றாவார். நியூரம்பர்க் இரவில் அவரது ஹாலிபாக்ஸ் தாக்கப்பட்டது. குழுவினருள் மூவர் குறிப்பைத் தவறாக உணர்ந்து குதித்துவிட்டனர்; வழி கணிப்பவரும் அவருள் ஒருவர். எஞ்சிய மூவருடன் விமானத்தை இங்கிலாந்து வரை செலுத்தி வந்து, ரைஹோப் என்னும் சுரங்க ஊரில் அவர் வீழ்ந்தார். உடனிருந்த மூவரும் பிழைத்தனர். 22 வயதுப் பார்ட்டன் இறந்தார். தரையில் ஒரு சுரங்கத் தொழிலாளியும் உயிரிழந்தார். பார்ட்டனுக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அதற்கு அவர் முற்றிலும் தகுதியுடையவரே. ஆனால் அவரது வீரம், நிலவொளியில் அவரை நேர்வழி அனுப்பியோரின் குற்றத்துக்குக் கழுவாய் ஆகாது.

போர் முடியும் தறுவாயில், 1945 மார்ச் 28 ஆம் நாள், வேறு காரணங்களைச் சாக்காகச் சொல்லி அச்சத்தைப் பெருக்கவே நகரங்களில் குண்டு வீசுவதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சர்ச்சில் எழுதினார். சாக்கு என்பதை அவர் எழுத்தே ஒப்புக்கொண்டது! படைத்தலைவர்கள் எதிர்க்கவே, அதனைத் திரும்பப் பெற்று மென்மையாக வேறொன்று எழுதினார். ஆணையிட்டோர் இவ்வாறு விலகிக்கொள்ள, பழி இறந்த இளைஞர்தம் தலையில் விழுந்தது. ஏறத்தாழ 1,25,000 பேர் பறந்த அப்படையில் 55,573 பேர் மாண்டனர். தனிப் பதக்கம் எதுவும் அவர்களுக்குக் கிட்டவில்லை. பதக்க நாடாவில் பொருத்தும் சிறு பட்டயம் கிடைத்ததே 2013-இல்தான்.

2012-இல் லண்டன் கிரீன் பார்க்கில் எழுவரின் வெண்கலச் சிலைகளோடு ஒரு நினைவகம் எழுந்தது. 1944 மே மாதம் பெல்ஜியத்தில் வீழ்ந்த ஹாலிபாக்ஸ் ஒன்றின் அலுமினியம் அதன் கூரையில் பயன்படுத்தப்பட்டுள்ளது. குண்டுவீச்சில் மாண்ட எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகமும் அங்குண்டு. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் துயரை ஒப்புக்கொள்வது வேறு. பொறுப்பை ஒப்புக்கொள்வது வேறு. பின்னதை அக்கல்லில் காணோம்.

ஆதலின் நாம் கோருவது ஒன்றே. எந்நாட்டு அரசாயினும், தாய்மாரிடமிருந்து மைந்தரைப் பெறுமுன், அவர்களை எதற்கு அனுப்புகிறது என்ற உண்மையைச் சொல்லட்டும். அவர் திரும்பாவிடில், அனுப்பியவர் தம் பெயரோடு முன்வந்து விடை கூறட்டும். அதுவரை, வீரரைப் புகழும் மேடையில் ஆட்சியாளர் அமர்ந்திருக்கும் போதெல்லாம் இக்கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.